ஸ்கேட்டிங் ஷூ, ஹாக்கி மட்டை: விற்கும் வியாபாரிகள் அறிய வேண்டியவை

மளிகைக் கடைக்காரருக்கு ஸ்கேட்டிங் ஷூ எதற்கு என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் கடலூர், நெல்லிக்குப்பம், சிதம்பரம் பக்கத்துச் சிற்றூர்களில் அரிசி பருப்போடு நோட்டுப் புத்தகம், பள்ளிப் பை, டென்னிஸ் பந்து, ஷட்டில் காக் எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்பது புதிய வழக்கம் அல்ல. மளிகையில் நிற்கும் மிச்சம் சுருங்கிவிட்ட இந்த நாளில், அந்தப் பக்கத்து அலமாரிதான் பல கடைகளுக்குக் கைகொடுக்கிறது. அந்த அலமாரிக்குப் புதிதாக வந்திருக்கும் சரக்கைப் பற்றியே இந்தக் கட்டுரை.

கிராக்கி சும்மா வரவில்லை. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கிய இந்தியப் பெண்கள் அணியில் ஆரத்தி கஸ்தூரிராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் என இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டாய்ஹே நகரில் நடந்த உலக வேக ஸ்கேட்டிங் போட்டியில், சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வென்றார். அதே ஆண்டு நவம்பர், டிசம்பரில் ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள். பெற்றோர் கடைக்கு வருகிறார்கள்.

வருகிற பெற்றோர் சொல்லும் முதல் வார்த்தை என்ன? "வளர்ற பிள்ளைங்க, ஒரு சைஸ் பெரிசா குடுங்க." இந்த ஒரு வார்த்தைக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதில்தான் இந்த வியாபாரமே நிற்கிறது.

பள்ளிச் சட்டைக்கு அது சரி. கால்சட்டையை மடித்துத் தைத்து அடுத்த வருடம் பிரித்துவிடலாம். ஸ்கேட்டிங் ஷூ அப்படி அல்ல. ஷூ ஒரு சைஸ் பெரிதாக இருந்தால் கால் உள்ளே நழுவும், குதிகால் தூக்கும், கணுக்கால் பக்கவாட்டில் மடியும். பெரிய ஹெல்மெட் விழும்போது பின்னால் சரிந்து நெற்றியைத் திறந்து காட்டும். பெரிய முட்டிக் காப்பு தரையில் உரசிய உடனே கெண்டைக்காலுக்கு இறங்கிவிடும். அதாவது, காப்பு எந்த நொடிக்காக வாங்கப்பட்டதோ அந்த நொடியில் அது இடத்தில் இருக்காது. சிக்கனம் என்று நினைத்துப் பெற்றோர் கேட்கிறார்கள், விற்றால் போதும் என்று நாம் கொடுக்கிறோம். கை முறிவது பிள்ளைக்கு.

பெற்றோரின் சிக்கனத்தை நாம் குறை சொல்லவில்லை. அதற்கு நாணயமான வழி ஒன்று உண்டு. ஆரம்பப் பிள்ளைகளுக்கென்று நீளம் கூட்டிக் குறைக்கும் ஸ்கேட்ஸ் வருகின்றன. ஒரு பட்டனை அழுத்தியோ, திருகைத் தளர்த்தியோ மூன்று நான்கு சைஸ் வரை நீட்டலாம். "இது வளரும் பிள்ளைக்கென்றே செய்தது, இன்றைக்குச் சரியாக இருக்கும், அடுத்த வருடம் நீட்டிக்கொள்ளலாம்" என்று எடுத்துக் காட்டினால் மறுக்கிற பெற்றோர் குறைவு. நமக்கும் லாபம்: பத்து சைஸ் வாங்கி அடுக்குவதற்குப் பதிலாகச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று பெட்டியில் வேலை முடிகிறது. புதிதாகத் தொடங்கும் கடை இந்த வகையோடு மட்டும் நிறுத்திக்கொள்வது நல்லது. சைஸ் சரக்கு முடங்கிப்போனால் பருப்பு மூட்டையைப் போல விலையைக் குறைத்துத் தள்ளிவிட முடியாது. மூன்றாம் நம்பர் ஷூவை ஐந்தாம் நம்பர் காலுக்கு எந்தத் தள்ளுபடியிலும் போட முடியாதல்லவா?

கால் அளக்கும் விதம்

பிள்ளையின் செருப்பு நம்பரைக் கேட்டு ஷூ எடுத்துக் கொடுப்பது தவறு. ஒவ்வொரு கம்பெனியின் நம்பரும் ஒவ்வொரு மாதிரி. சென்டிமீட்டர்தான் பொய் சொல்லாது. பிள்ளை காலுறை போட்டுக்கொண்டு, சுவரில் குதிகால் ஒட்ட, ஒரு காகிதத்தின் மேல் எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி அளந்தால் கால் சற்றுக் குட்டையாகக் காட்டும். நீளமான விரலின் நுனியில் கோடு போட்டு அளக்கவும். அது எப்போதும் கட்டை விரலாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு காலையும் அளந்து பெரிய காலின் அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். மாலையில் கால் கொஞ்சம் உப்பியிருக்கும், ஆகவே மாலை அளவே நம்பிக்கையானது. பெட்டியின் மேல் உள்ள சென்டிமீட்டர் அட்டவணையோடு இதை ஒத்துப் பார்க்கவும்.

போட்டுப் பார்க்கும்போது ஒரு பரீட்சை உண்டு. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி ஷூவின் முன்புறத்தை லேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கி ஸ்கேட்டிங் ஓடும் நிலையில் குனிந்தால் விரல் அங்கிருந்து சற்றே விலக வேண்டும், குதிகால் மட்டும் பின்னால் அப்படியே ஒட்டி இருக்க வேண்டும். குதிகால் தூக்கினால் அந்த ஷூ வேண்டாம். இந்தப் பரீட்சைக்குக் கடையில் ஒரு ஸ்டூலும் ஒரு பழைய ஜமுக்காளமும் போதும். ஜமுக்காளத்தின் மேல் சக்கரம் ஓடாது. டைல்ஸ் தரையில் நிற்கவிட்டு, நம் கடையிலேயே பிள்ளை விழுந்து வைக்க வேண்டாம்.

முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாகச் சக்கரம் உள்ளது குவாட் எனப்படும். ஒரே வரிசையில் உள்ளது இன்லைன். நம் நாட்டுப் போட்டிகளில் இவை தனித்தனிப் பிரிவுகள். ஆகவே பயிற்சிக்குச் சேர்த்துவிட்ட பெற்றோரிடம், மாஸ்டர் எதைச் சொன்னார் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைக் கேட்காமல் விற்ற ஜோடி மறுநாளே திரும்பி வரும்.

சக்கரமும் பேரிங்கும்

சக்கரத்தின் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று விட்டம்: 76, 80, 90, 110 மில்லிமீட்டர் என்று. சக்கரம் பெரிதானால் வேகம் கூடும், உயரமும் கூடும், ஆரம்பப் பிள்ளைக்கு நிலை தவறும். மற்றொன்று கடினம்: 82ஏ, 85ஏ என்பது போல. எண் கூடினால் சக்கரம் கெட்டி. கெட்டிச் சக்கரம் நல்ல தளத்தில் நீடித்து உழைக்கும், ஆனால் நம் ஊர்த் தார்ச்சாலையின் ஒவ்வொரு ஜல்லியையும் காலுக்குச் சொல்லிவிடும். எண்ணே போடாத, நகத்தால் கீறினால் பளபளவென்று பிளாஸ்டிக்காகத் தெரியும் சக்கரம் பொம்மைச் சரக்கு. அதில் பிடிப்பு இராது, திரும்பும்போது வழுக்கும். விலை குறைவாக இருக்கிறது என்று அதைக் கொள்முதல் செய்ய வேண்டாம்.

பேரிங் விஷயத்தில் நம் வியாபாரிகளுக்கு ஒரு நல்ல சேதி. ஸ்கேட்ஸில் பொதுவாக வருவது 608 என்ற பேரிங். வெளி விட்டம் 22, உள் துளை 8, அகலம் 7 மில்லிமீட்டர். சின்ன மோட்டார்களிலும் இதே அளவுதான். எனவே கடலூரில் உள்ள எந்தப் பேரிங் கடையிலும் மாற்று கிடைக்கும். ஒரு சக்கரத்துக்கு இரண்டு வீதம், எட்டுச் சக்கரம் உள்ள ஒரு ஜோடிக்கு 16 பேரிங். பெட்டியின் மேல் ஏபெக் 5, ஏபெக் 7, ஏபெக் 9 என்று போட்டிருப்பதைக் காட்டி விலை ஏற்றுவார்கள். அந்த எண் அளவுத் துல்லியத்தைத்தான் குறிக்கிறது. எஃகின் தரத்தையோ ஓடும் வேகத்தையோ அல்ல. பழகும் பிள்ளைக்கு 5-க்கும் 9-க்கும் வித்தியாசம் தெரியாது. அந்தப் பணத்தை நல்ல ஹெல்மெட்டில் போடச் சொல்லுங்கள்.

பராமரிப்பு பற்றி வாடிக்கையாளருக்கு இரண்டு வரி சொல்லி அனுப்புவது நம் கடமை. ஸ்கேட்ஸைக் குழாயடியில் கழுவக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். சில்வர் பீச் பக்கம் மணல் பறக்கும் சாலையில் ஓடிவிட்டு வந்தால், மணலும் உப்புக் காற்றும் பேரிங்கைத் தின்றுவிடும். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, முழுவதும் உலர்ந்த பிறகு தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும். நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான். கதவுக் கீலுக்கு விட்டால் தொலைகிறது, பேரிங்குக்கு விட்டால் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து இறுகிவிடும். எண்ணெய் விற்கிற நாமே இதைச் சொன்னால் நம்புவார்கள்.

சக்கரத்தின் உட்பக்கம்தான் முதலில் தேயும். தேய்ந்த பக்கம் வெளியே வரும்படி இடது கால் சக்கரத்தை வலதுக்கும், வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டால் சக்கரத்தின் ஆயுள் கூடும். இதற்கு வேண்டியது ஓர் ஆலன் கீ. அதை ஜோடியோடு சேர்த்துக் கொடுங்கள், அற்ப விலை. இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால் அந்தக் குடும்பம் உங்களை மறக்காது. சக்கர விற்பனை குறையுமே என்று கணக்குப் பார்க்கிறவர் வேறு சரக்குப் பார்க்கலாம்.

காப்புகளில் எதை விடக் கூடாது

தலை, மணிக்கட்டு, முழங்கை, முட்டி என்று நான்கு இடத்துக்கும் காப்பு வேண்டும். பெற்றோர் முட்டிக் காப்பை வாங்கிக்கொண்டு மணிக்கட்டுக் காப்பைத் திருப்பி வைத்துவிடுவார்கள். "அது எதுக்கு, கை ஆட்ட முடியாது" என்பார்கள். ஆனால் விழும் பிள்ளை முதலில் ஊன்றுவது கையைத்தான். 1996-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு மருத்துவ ஆய்வில், இன்லைன் ஸ்கேட்டிங் செய்து காயம்பட்டு வந்தவர்களை ஆராய்ந்தபோது, மணிக்கட்டுக் காப்பு அணியாதவர்களுக்கு அந்த இடத்தில் காயம் ஏற்படும் வாய்ப்பு அணிந்தவர்களைப் போல் சுமார் பத்து மடங்கு என்று கண்டார்கள். முழங்கைக் காப்புக்கும் ஏறத்தாழ அதே கணக்கு. ஆகவே செட்டைப் பிரித்து விற்க வேண்டாம். உள்ளங்கைப் பக்கம் கெட்டித் தகடு உள்ள காப்பாகப் பார்த்துக் கொள்முதல் செய்யுங்கள். வெறும் பஞ்சு வைத்துத் தைத்தது காப்பு அல்ல, கையுறை.

ஹெல்மெட்டுக்குத் தையற்காரர் நாடாவால் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் தள்ளித் தலையைச் சுற்றி அளக்க வேண்டும். வைத்த பின் தலையை இடம் வலம் ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தனியாகவும் தலை தனியாகவும் ஆடினால் பெரிது. தாடைப் பட்டைக்கும் தாடைக்கும் இடையில் ஒரு விரல் நுழைந்தால் போதும். சைக்கிள், ஸ்கேட்டிங் ஹெல்மெட்டுக்கு ஐரோப்பியத் தரம் ஈ.என். 1078. உள்ளே அந்த முத்திரை உள்ள சரக்காகக் கேட்டு வாங்குங்கள். ஸ்கூட்டர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பழகலாமா என்று கேட்பார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையே இருந்தாலும் அது வேறு வேலைக்குச் செய்தது. கனம் பிள்ளையின் கழுத்தை இழுக்கும், காதை அடைத்துவிடும். மற்றொன்று: பலமான அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் வெள்ளை நுரை நசுங்கியிருக்கும். அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. மாற்றத்தான் வேண்டும்.

ஹாக்கி மட்டை

நம் பக்கத்தில் நெய்வேலி, சிதம்பரம் அண்ணாமலை நகர், கடலூர் அண்ணா விளையாட்டரங்கம் என்று மைதானங்கள் உண்டு. தெற்கே கோவில்பட்டி ஊரே ஹாக்கிக்குப் பேர்போனது. மட்டைகள் பெரும்பாலும் பஞ்சாபின் ஜலந்தரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் மீரட்டிலிருந்தும் வருகின்றன. 1947 பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்த தொழிலாளர்களும் வியாபாரிகளும் நிலைபெறச் செய்த தொழில் அது. ஊரை இழந்து வந்தவர்கள் கைத்தொழிலை வைத்து ஒரு நகரத்துக்கே பிழைப்புத் தேடிக்கொடுத்தது நம்மைப் போன்ற வியாபாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டிய சங்கதி.

பழைய மட்டை முசுக்கட்டை மரத்தில் செய்தது. இப்போது பந்தயத்துக்குக் கண்ணாடி இழையும் கார்பன் இழையும் ரெசினும் சேர்த்து அழுத்திய கலவை மட்டைகள். கார்பன் சதவீதம் கூடக்கூட மட்டை விறைப்பாகும், அடி பலக்கும், விலை ஏறும், பழகாத கைக்குப் பந்தைத் தடுத்து நிறுத்துவது சிரமமாகும். பள்ளிப் பிள்ளைக்கு மர மட்டையோ, கார்பன் குறைந்த கலவை மட்டையோ போதும். சர்வதேச விதிப்படி மட்டையின் நீளம் 105 சென்டிமீட்டருக்கு மேலும், எடை 737 கிராமுக்கு மேலும் போகக் கூடாது. 51 மில்லிமீட்டர் உள் விட்டமுள்ள வளையத்தில் மட்டை முழுவதும் நுழைந்து வெளிவர வேண்டும். வளைவு 25 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கலாகாது.

கடையில் அளவு பார்ப்பது எளிது. மட்டையைப் பிள்ளையின் காலோடு ஒட்டி நிமிர்த்தி வைத்தால் மேல் நுனி இடுப்பெலும்பின் உச்சிக்கு வர வேண்டும். இங்கும் "வளர்ற பிள்ளை" பேச்சு வரும். நீளமான மட்டையின் நுனி குனியும்போது வயிற்றில் இடிக்கும். பிள்ளை நிமிர்ந்தே ஆடப் பழகிவிடும், பிறகு திருத்துவது பாடு. 36.5 அங்குலம் பெரியவர்களுக்கு அதிகம் போகும் அளவு. பள்ளி ஆர்டருக்கு 30 முதல் 36 வரை கலந்து வைக்க வேண்டும்.

"என் பையன் இடது கைக்காரன், இடது மட்டை இருக்கிறதா?" என்று கேட்பார்கள். ஹாக்கியில் இடது கை மட்டையே கிடையாது. மட்டையின் இடப்பக்கத் தட்டை முகத்தால்தான் ஆட வேண்டும், எல்லோருக்கும் ஒரே மட்டை. இல்லாததை வரவழைத்துத் தருகிறேன் என்று முன்பணம் வாங்கிவிடாதீர்கள். ஐஸ் ஹாக்கியில் மட்டும் இடது, வலது என்று வேறு வேறு மட்டை உண்டு. கைபேசியில் படத்தைக் காட்டிக் கேட்பவர் சில வேளை அந்த மட்டையைக் காட்டுவார். ஐஸ் ஹாக்கி நம் நாட்டில் முக்கியமாக லடாக்கில், குளம் உறைந்துபோகும் குளிர்காலத்தில் ஆடப்படுவது. ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்தி ஆடிய காலம் அங்கே இருந்ததாகச் சொல்வர். அந்த ஊரிலிருந்து வந்த பெண்களைக் கொண்ட இந்திய அணி 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. ஆனால் அந்த மட்டையும் தகடு வைத்த ஷூவும் கெடிலக் கரையில் விலை போகாது.

ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம், ஏறக்குறைய கிரிக்கெட் பந்தின் எடை. அது தரையோடு வந்து காலில் அடிக்கும், மட்டையில் பட்டு எழும்பினால் முகத்துக்கு வரும். எனவே மட்டை விற்கும்போதே முழங்கால் எலும்புக் காப்பும் பல் காப்பும் எடுத்து வையுங்கள். காலின் காப்பு கணுக்காலிலிருந்து முட்டிக்குக் கீழ் வரை மறைக்க வேண்டும். பல் காப்பை வெந்நீரில் நனைத்துக் கடித்துப் பல்லுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு நேரம் என்பது அட்டையில் இருக்கும், அதைப் படித்துச் சொல்லுங்கள். கோல் காப்பவருக்கு முகக் கம்பியுடன் கூடிய ஹெல்மெட், மார்புக் காப்பு, கால் பேடு, கிக்கர், கையுறை எல்லாம் ஒரு செட்டாக வேண்டும். அது விலை கூடிய சரக்கு. ஆர்டர் கையில் வந்த பிறகு வரவழையுங்கள், அலமாரியில் வாங்கி வைக்க வேண்டாம்.

மர மட்டை நனைந்தால் உடனே துடைத்து நிழலில் காயவைக்க வேண்டும். கலவை மட்டையை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் போட்டுவைக்கக் கூடாது. சூட்டில் ரெசின் தளரும். விரலால் தட்டிப் பார்த்தால் நல்ல இடத்தில் ஒரே ஓசை வரும், உள்ளே விரிசல் விட்ட இடத்தில் மொந்தையாகக் கேட்கும். இழை வெளியே தெரியும் மட்டை கையைக் கிழிக்கும், அதை ஒதுக்கிவிட வேண்டும்.

கடையில் வைக்கும் முறையும் பில்லும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திருவந்திபுரத்தில் நம் குடோன் சுவர் வியர்க்கும். கடலோரக் கடைகளுக்கு உப்பும் சேரும். ஸ்கேட்ஸ் பெட்டியைத் தரையில் அடுக்காமல் பலகை மேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். நுரை வைத்த காப்புகளைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மிளகாய், பெருங்காயம் பக்கத்தில் வைத்தால் வாசனை ஏறி, போட்டுப் பார்க்கும் பிள்ளை தும்மும். நாம் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மட்டைகளைச் சாய்த்து நிறுத்தாமல் படுக்கையாக வைக்கலாம்.

விளையாட்டுப் பொருட்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. உடற்பயிற்சிச் சாதனங்கள் அந்தக் குறைப்பில் வரவில்லை. ஆகவே ஒரே பார்சலில் வரும் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் போட்டுவிடாமல், கொள்முதல் பில்லின் ஹெச்.எஸ்.என். எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அது 2020 ஜூலை 20-இல் அமலுக்கு வந்தது. பொருளால் ஏற்படும் தீங்குக்குத் தயாரிப்பாளர் மட்டுமின்றி, சில நிலைகளில் விற்பனையாளரும் பொறுப்பு என்று 86-ஆம் பிரிவு சொல்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சேர்க்காமல் விட்டாலோ, பொருளைப் பொருத்திக் கொடுப்பதிலும் பார்த்துக் கொடுப்பதிலும் கவனக் குறைவாக இருந்தாலோ, தானாக ஓர் உத்தரவாதம் கொடுத்து அது பொய்த்துப்போனாலோ, நாம் மாட்டிக்கொள்வோம். பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத் தாளைக் குப்பையில் போட்டுவிட்டு ஷூவை மட்டும் பையில் போட்டுக் கொடுக்கும் பையன்கள் கடையில் இருந்தால் சொல்லி வையுங்கள். "இதைப் போட்டா ஒண்ணும் ஆகாது" என்ற வார்த்தையும் வாயில் வரவே கூடாது.

சைஸ் மாற்றித் தரும் வாக்கைப் பில்லிலேயே எழுதிவிடுவது நல்லது: சாலையில் ஓட்டாமல், சக்கரத்தில் மண் படாமல், ஏழு நாளுக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தரப்படும் என்று. மாற்றித் தருவோம் என்ற தைரியம் இருந்தால் பெற்றோர் பெரிய சைஸ் கேட்பது தானாகக் குறையும்.

கால் வளர்ந்து சிறிதாகிப்போன ஜோடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, புதியதில் கழித்துக் கொடுக்கும் பழக்கத்தையும் தொடங்கலாம். எடுக்கும்போது அடித்தகட்டில் விரிசல், திருகின் மரை, வெல்க்ரோ பட்டையின் பிடிப்பு மூன்றையும் பாருங்கள். சக்கரமும் பேரிங்கும் மாற்றினால் இன்னொரு பிள்ளைக்கு அது ஒரு வருடம் ஓடும், பாதி விலையில் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையும் பழகும். பழைய ஹெல்மெட்டை மட்டும் அப்படி வாங்கி விற்க வேண்டாம். அது எத்தனை அடி பட்டது என்று பார்த்துச் சொல்ல வழி கிடையாது.